ஏழாம் தடத்துக் கடைசி வட்டம்

எங்கள் பனி மைதானத்துச் சங்கம் ஆண்டு மலர் ஒன்று போடப் போகிறதாம். அதில் எனக்கும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மற்ற அரைப் பக்கத்துக்கு என் படம் வேண்டுமாம், சிரித்தபடி இருக்க வேண்டுமாம், சேலையில் என்றால் இன்னும் நல்லதாம். இத்தனை வருடமும் நீலக் காற்சட்டையும் றப்பர்ச் சப்பாத்தும் போட்டு நின்றவளுக்கு ஓய்வு பெற்ற பிறகு சேலை. சரியென்று எழுதிக் கொடுத்தேன். அந்த அரைப் பக்கத்தில் எல்லாரும் நல்லவர்கள், பனி வெள்ளையாக இருக்கிறது, நான் நன்றியோடு இருக்கிறேன். மிச்சத்தை இங்கே தமிழில் எழுதுகிறேன். சங்கத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது என்பது பெரிய வசதி.

உண்மையில் என்னைக் கிளறிவிட்டது மலர் அல்ல. போன குளிர்காலம் இலக்குகள் எல்லாவற்றையும் கணினியோடு பொருத்திவிட்டார்கள். யார் சுட்டது, எங்கே பட்டது என்று திரையே சொல்லிவிடும். பிரியாவிடைக்குக் கேக் வெட்டும்போது புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கேட்டார்கள், முந்தி இதைப் பார்க்கவென்று ஆட்களை நிற்க வைத்தார்களா என்று. நின்றோம் பிள்ளைகளே, குளிருக்குள் விறைத்துக்கொண்டு நின்றோம். அப்படி நின்றதால் ஒரு நாள் நான் பட்ட பாட்டைக் கேக் வாயோடு சொல்ல முடியவில்லை.

விளையாட்டு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் பயத்லான். முதுகில் துவக்கைக் கட்டிக்கொண்டு பனிச்சறுக்கில் மூச்சு வாங்க ஓட வேண்டும். பிறகு நின்று, அந்த இளைப்போடு ஐந்து வெடி வைக்க வேண்டும். ஒரு முறை படுத்துக்கொண்டு, ஒரு முறை நின்றுகொண்டு. எத்தனை வெடி தவறுகிறதோ அத்தனை தண்டனை வட்டம் கூடுதலாக ஓட வேண்டும். பிறகு திரும்ப ஓட்டம். எங்கள் ஊரில் வெடி கேட்டால்தான் ஓடுவோம். இவர்கள் ஓடிப் போய் வெடி வைக்கிறார்கள், அதற்குப் பதக்கமும் கொடுக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் அப்போதுதான் ஒன்றாகியிருந்தன. அகதிகளை மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தபோது நானும் இவரும், அதாவது என் கணவரும், கிழக்கே தூரிங்கன் மலைக்காட்டுக்குள் போய் விழுந்தோம். மற்றத் தமிழ்ச் சனம் மேற்கே கோயில், கடை, கலியாணவீடு என்று இருக்க, எங்களுக்கு ஊசியிலை மரமும் மூடுபனியும். இவருக்கு ஒரு ஹோட்டல் குசினியில் வேலை கிடைத்தது. எனக்கு மைதானத்தில் துப்புரவு வேலை. அங்கே என்ன விளையாட்டு என்று வேலை தேடித் தரும் கந்தோரில் ஒருவரும் சொல்லவில்லை. வெடிச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவளின் வழக்கை நன்றாக ஆராய்ந்து பார்த்துவிட்டு, துவக்குச் சுடுகிற இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

முதல் நாள் வாளியோடு போய்க்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் படபடவென்று வெடி. யோசிக்கவில்லை. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பனியில் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சோடிச் சப்பாத்து என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. அதுதான் ஹெர் ஷ்ட்ரோபெல், சுடுதளத்துக்குப் பொறுப்பானவர். எழும்பச் சொல்லவில்லை, என்ன நடந்தது என்றும் கேட்கவில்லை. நான் படுத்திருந்த விதத்தைச் சுற்றி நடந்து பார்த்தார். அவர் பேசினது ஜெர்மன்தான், ஆனால் இந்த மனிதர்கள் பேசினதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"இடது முழங்கை இன்னும் உள்ளுக்கு வரவேணும்," என்றார். "மற்றும்படி, கன் மன் லாஸன்."

லாஸன் என்றால் விடுகிறது என்று ஜெர்மன் வகுப்பில் படித்திருந்தேன். 'விடலாம்' என்கிறார் மனுசன், அப்படியென்றால் வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த நாள் வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். 'இப்படியே விட்டுவிடலாம், திருத்த ஒன்றுமில்லை' என்பதுதான் அதன் அர்த்தம். அந்த மலைப்பக்கத்து ஆம்பிளைகள் உயிரோடு இருக்கும்போது வழங்குகிற ஆகப் பெரிய பாராட்டு அதுதான் என்பது பிடிபட எனக்கு மாதக் கணக்கு எடுத்தது. தன் மகள் பிறந்தபோது ஆசுபத்திரியில் பிள்ளையைப் பார்த்தும் ஷ்ட்ரோபெல் அதையே சொன்னதாக அவருடைய மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

என் பெயர் மரிய புஷ்பம் செபஸ்தியாம்பிள்ளை. அதைச் சொல்ல முயன்று அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கிழமைக்குள் நான் 'பஸ்தி' ஆகிவிட்டேன்.

துப்புரவிலிருந்து என்னைச் சுடுதளத்துக்கு எடுத்தது ஷ்ட்ரோபெல்தான். அன்பால் அல்ல. மற்றவர்கள் ஒருவரும் அவரோடு ஒரு பருவகாலம் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த நாளில் இலக்கு என்பது வெள்ளை இரும்புத் தகடு. அதில் வரிசையாக ஐந்து கறுத்த வட்டம். குண்டு பட்டால் கறுப்பு விழுந்து அந்த இடம் வெள்ளையாகிவிடும். ஒருத்தி சுட்டு முடிந்ததும் கயிற்றை இழுத்தால் ஐந்தும் திரும்பக் கறுப்பாகும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஷ்ட்ரோபெலிடம் அது பூசை. காலையில் ஈயத் தழும்பு எல்லாவற்றையும் பெயின்ற் அடித்து மறைக்க வேண்டும். தூரிகை மேலிருந்து கீழேதான் போக வேண்டும், பக்கவாட்டில் போனால் அன்றைக்கு முழுக்க முகம் தரமாட்டார். பிறகு கீல்களில் பனிக்கட்டி பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கையுறையோடு தடவக்கூடாது. கடைசியாக ஒரு சின்ன மரச் சுத்தியலால் ஒவ்வொரு வட்டத்தையும் மெல்லத் தட்ட வேண்டும். தட்டினதும் விழுந்தால் சரி. ஒரு மூச்சுப் பிந்தி விழுந்தால் அது இறுகின தகடு, கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும்.

"என்ர தளத்தில தகடு இறுகாது," என்பார். வேறு மைதானங்களில் தகடு இறுகின கதைகளை, பக்கத்து வீட்டுப் பெட்டை ஓடிப்போன கதை மாதிரிக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

ஜெர்மன் பாஷையில் எனக்கு ஒரே ஒரு சொல் மட்டும் வாய்க்கு மடங்கவே இல்லை. 'டொக்'. 'நீ சாப்பிடவில்லையா?' என்று ஒருவர் கேட்டால், சாப்பிட்டிருந்தால் ஜெர்மன்காரர் ஆமென்று 'யா' சொல்லமாட்டார், 'டொக்' என்பார். அதாவது, நீ இல்லை என்கிறாய், நான் உண்டு என்கிறேன். சாப்பிடாவிட்டால் 'நைன்', இல்லை. நமக்கு அப்படியா? 'நீ சாப்பிடேல்லையோ?' என்று கேட்டால், சாப்பிடாதவள் 'ஓம், சாப்பிடேல்லை' என்பாள். இதனால் நான் பட்டினி கிடந்த நாட்களும் உண்டு. 'உனக்குத் தேத்தண்ணி வேண்டாமா?' என்பார்கள், வேண்டாம் என்ற நினைப்பில் 'யா' என்பேன், ஒரு பெரிய கோப்பை வந்துவிடும். அடுத்த முறை 'இல்லை, வேணும்' என்ற நினைப்பில் 'நைன்' சொல்லிப் பார்த்தேன், கோப்பையே வரவில்லை. வகுப்பு ஆசிரியை கரும்பலகையில் படமெல்லாம் போட்டுக் காட்டினாள். ஏலாது.

இனிக் கெர்லிண்டைப் பற்றி. உலகச் சம்பியன். கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்திலும் வென்றவள், அது இல்லாமல் போன பிறகும் வென்றவள். எங்கள் ஊருக்கு மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள், பள்ளிக்கூடத்தில் பாதியைப் பூட்டிவிட்டார்கள், ஆனால் பேக்கரிச் சுவரில் கெர்லிண்டின் படம் இருந்தது. நாக்கு நீளம். பயிற்றுநர் தின்னக்கூடாது என்று சொன்னதை எல்லாம் தேடித் தின்பாள். நான் பொரித்துக்கொண்டு போகும் ரோல்ஸுக்கு ஆடை மாற்றும் அறையில் காவல் நிற்பாள். "இதில எவ்வளவு எண்ணெய் இருக்கெண்டு சொல்லாதே பஸ்தி, சொன்னா நான் தின்னேலாது," என்பாள்.

அந்த வருடங்களில் தலையை மொட்டையடித்த பெடியன்கள் கூட்டமாகப் பஸ் தரிப்பிடத்தில் நிற்பார்கள். ஒரு நாள் என் மேல் பியர்ப் போத்தலை எறிந்தார்கள். விஷயம் சங்கத்துக்குப் போனது, சங்கம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது. கெர்லிண்ட் ஒன்றும் தெரிவிக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் தன் பழைய காரின் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறு," என்றாள். அதிலிருந்து அவள் ஊரில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் காரில்தான் வீட்டுக்குப் போனேன். காருக்குள் சறுக்குப் பலகைக்குப் பூசும் மெழுகு நாற்றம் குடலைப் புரட்டும். எனக்கு அது சாம்பிராணி மாதிரி.

அந்த நாள் இப்படி வந்தது. ஒலிம்பிக்குக்குப் போகும் பெண்கள் அணியில் ஒரே ஒரு இடம் மிச்சம். அதற்கான கடைசித் தெரிவு ஓட்டம் எங்கள் மைதானத்தில். கெர்லிண்டுக்கு வயது ஏறிவிட்டது, அடுத்த ஒலிம்பிக் அவளுக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும். உலகப் பட்டம் இருந்தது, ஒலிம்பிக் பதக்கம்தான் இல்லை. அவளுக்குப் போட்டி ஆன்யா, மேற்கு ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்த சின்னப் பெட்டை, எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் நின்றபடி சுட வேண்டிய கடைசிச் சுற்றுக்கு ஒரே நேரத்தில் வந்தார்கள். கெர்லிண்ட் ஏழாம் தடத்தில், ஆன்யா எட்டாம் தடத்தில். இரண்டுக்கும் பின்னால் கண்காணிப்பாளராக நின்றது நான். அந்தத் தகடுகளைக் காலையில் தட்டிப் பார்த்ததும் நான்தான்.

கெர்லிண்ட் ஐந்து வெடியும் வைத்து முடித்தாள். நாலு வட்டம் வெள்ளை. ஆன்யாவின் பக்கமாக இருந்த கடைசி வட்டம் கறுப்பாகவே நின்றது. கெர்லிண்ட் துவக்கை இறக்கினாள். அந்த நேரம் பார்த்து ஆன்யா, பதற்றத்தில் தடம் மாறி, தன் முதல் வெடியைக் கெர்லிண்டின் அந்தக் கடைசி வட்டத்தில் வைத்தாள். அது வெள்ளையானது. கெர்லிண்ட் நிமிர்ந்து பார்த்தாள், ஐந்தும் வெள்ளை. தண்டனை வட்டத்தை ஓடாமல் நேரே வெளியே போய்விட்டாள். ஆன்யா தான் செய்தது தெரியாமலே மிச்ச நாலையும் விழுத்தி, ஒன்று தவறிவிட்டதென்று தண்டனை வட்டத்தை ஓடினாள்.

நான் கையை உயர்த்தினேன். ஷ்ட்ரோபெல் வந்தார், கண்டதைச் சொன்னேன். அவருடைய முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஓட வேண்டிய தண்டனை வட்டத்தை ஓடாவிட்டால் நேரத்தில் இரண்டு நிமிடம் கூட்டுவார்கள். கூட்டினால் முதலாவதாக வந்த கெர்லிண்ட் பின்னால் போய்விடுவாள், ஆன்யா ஒலிம்பிக்குக்குப் போவாள்.

நடுவர் குழு ஒரு தகரக் கொட்டிலில் இருந்தது. தலைவர் மேற்கிலிருந்து வந்தவர், கழுத்தில் டை, காலில் ஓட்டச் சப்பாத்து. என் முழுப் பெயரை வாசிக்கப் பார்த்து, பாதியில் கைவிட்டார். பிறகு முகமன் ஒன்றும் இல்லாமல் கேட்டார்:

"அப்ப, அஞ்சாவது வட்டத்தை அவ விழுத்தேல்லையோ?"

"யா," என்றேன். ஓம், விழுத்தவில்லை. தலையையும் பலமாக ஆட்டினேன்.

"நன்றி," என்றார். எழுதிக்கொண்டார். ஷ்ட்ரோபெல் பக்கத்தில் நின்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. வெளியே வந்து சப்பாத்துப் பனியைத் தட்டுவதற்குள் ஒலிபெருக்கி சொல்லிவிட்டது: ஒலிம்பிக்குக்குப் போவது கெர்லிண்ட். சனம் கூவி ஆர்ப்பரித்தது, பேக்கரிக்காரி அழுதாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவர்கள் என் 'யா'வை 'ஓம், விழுத்தினாள்' என்று எழுதிவிட்டார்கள்.

தூரத்தில் கெர்லிண்டைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். சொல்லுகிறேன், எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசத்தில் எனக்கே வெட்கமும் வந்தது. இந்தப் பக்கம் ஆன்யா சறுக்குப் பலகையைக் கழற்றாமல் பனியில் குந்தியிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பிழையான வட்டத்தைச் சுட்டதற்குத் தண்டனையும் ஓடி முடித்துவிட்டுத்தான் இருந்தாள் அந்தப் பிள்ளை.

ஷ்ட்ரோபெல் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு எல்லாம் தெரியும். நான் முதலில் சொன்னதும் தெரியும், பிறகு அவர்கள் எழுதினதும் தெரியும்.

"கன் மன் லாஸன்," என்றார் மெல்ல.

எத்தனை காலம் அந்தச் சொல்லுக்காகப் பெயின்ற் அடித்திருப்பேன். தந்துவிட்டார், தந்த நேரத்தைப் பாருங்கள். இப்படியே விட்டுவிடலாமாம்.

"நீங்கள் இனி ஒண்டும் செய்யத் தேவையில்லை, பஸ்தி," என்றார்.

"டொக்," என்றேன்.

தேவை உண்டு என்று. வகுப்பில் வராத சொல், தேத்தண்ணிக்கு வராத சொல், அங்கே வாயிலிருந்து தானாகவே விழுந்தது. அவரும் திடுக்கிட்டார், நானும் திடுக்கிட்டேன். திரும்பக் கொட்டிலுக்குள் போனேன். என் பின்னால் அவரும் வந்தார்.

தலைவருக்குச் சரியான எரிச்சல். முதலில் 'யா' என்றாய், இப்போது 'நைன்' என்கிறாய், உனக்குப் பாஷை தெரியாதா என்றார். எங்கள் பாஷையில் 'இல்லையா' என்று கேட்டால் 'ஓம்' என்பதற்கு 'இல்லை' என்றுதான் அர்த்தம் என்று விளக்கினேன். அவர் மேசையில் பேனாவைப் போட்டுவிட்டு ஷ்ட்ரோபெலைப் பார்த்தார். கெர்லிண்டின் குண்டு முதலிலேயே பட்டு, பனி இறுக்கத்தால் தகடு பிந்தி விழுந்திருக்கலாம்தானே என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒரு 'ஓம்' போதும், எங்கள் ஊர்ச் சம்பியன் ஒலிம்பிக்குக்குப் போவாள், என் கதை ஒரு வெளிநாட்டுக்காரியின் உளறலாகப் போகும். ஷ்ட்ரோபெலின் தாடை அசைந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன்.

"அப்ப உங்கட தளத்தில தகடு இறுகிறதோ?" என்றார் தலைவர், மேற்குக்காரரின் அந்தச் சின்னச் சிரிப்போடு.

அந்தச் சிரிப்புச் செய்த வேலையை வேதப்புத்தகம் செய்திருக்காது. ஷ்ட்ரோபெல் நிமிர்ந்து, சப்பாத்தைச் சேர்த்து நின்றார்.

"என்ர தளத்தில தகடு இறுகாது," என்றார்.

அவ்வளவுதான். நேர்மை வென்றது என்று ஆண்டு மலரில் எழுதலாம். நேர்மைக்கு அதில் பங்கு குறைவு. ஒரு கிழக்கு ஜெர்மன்காரருடைய கீல்களைப் பற்றி ஒரு மேற்கு ஜெர்மன்காரர் நக்கலடித்தார், அதனால் வென்றது.

ஒலிபெருக்கி திரும்பப் பேசியது, இந்த முறை ஆன்யாவின் பெயரை. அன்று பின்னேரம் கெர்லிண்டின் கார் என்னைத் தாண்டிப் போனது, நிற்கவில்லை. நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். வீட்டில் இவர் கேள்விப்பட்டுவிட்டு, சோற்றைக் கூடப் போடாமல் கத்தினார்.

"உனக்கேன் இந்த விசர் வேலை? அந்தப் பிள்ளையல்லோ உன்னைப் பத்திரமாக் கொண்டுவந்து விட்டது!"

அன்றிரவு அழுதேன்.

அதற்குப் பிறகு ஊர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மேற்குக்காரர் திட்டம் போட்டு எங்கள் பெட்டையின் இடத்தைப் பறித்தார்கள், அந்தக் கறுத்தப் பொம்பிளை அவர்களுடைய ஆள் என்று கதை. பேக்கரிக்காரி பாணைத் தந்தாள், காலநிலையைப் பற்றிய பேச்சைத் தரவில்லை. எனக்கு ஜெர்மன் கடவுச்சீட்டுத் தர அந்த நாடு வருடக் கணக்கில் டெர்மின் மேல் டெர்மின், அதாவது தவணை மேல் தவணை வைத்து இழுத்தது. மேற்கு ஜெர்மன்காரி ஆக்குவதற்கு ஊருக்கு ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. ஆன்யா ஒலிம்பிக்குக்குப் போய், அணியின் அங்கியோடும் பழைய மூக்குத் தடிமனோடும் திரும்பி வந்தாள். அவளும் எனக்கு நன்றி சொல்லவில்லை. தடம் மாறிச் சுட்டவள் என்று பெயர் வந்துவிட்டதே என்று அவளுக்குக் கோபம். அந்தக் குளிர்காலம் முழுக்க என்னோடு வழக்கம்போலப் பேசினது ஷ்ட்ரோபெல் ஒருவர்தான், அதுவும் தூரிகை பிடிக்கும் விதத்தைப் பற்றி.

கெர்லிண்ட் விலகிவிடுவாள் என்றார்கள். அடுத்த இலையுதிர்காலத்தில் முதல் குளிர்ப் பயிற்சிக்கு வந்து நின்றாள். முப்பது தடம் இருக்க, நேரே ஏழாம் தடத்துக்கு வந்தாள். நான் பின்னால் நின்றேன். வணக்கமும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நின்றபடி ஐந்து வெடி வைத்தாள். ஐந்தும் வெள்ளை. துவக்கை இறக்கி, இலக்கைப் பார்த்தபடியே நின்றாள். நான் கயிற்றை இழுக்காமல் விட்டேன்.

"எனக்கு அண்டைக்குத் தெரியும்," என்றாள். "விசையை அமத்தேக்கையே தெரியும், தவறிப் போட்டுதெண்டு. பேந்து பாத்தா வெள்ளையாக் கிடந்துது. நான் பேசாமல் ஓடீட்டன்."

இரண்டு தடம் தள்ளி ஷ்ட்ரோபெல் அடித்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார், அதுவும் பக்கவாட்டில்.

கெர்லிண்ட் துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு அப்போதுதான் திரும்பினாள்.

"பஸ்தி, இண்டைக்கும் கடைசி வட்டம் நான் விழுத்தேல்லையோ?"

"டொக்," என்றேன்.

விழுத்தினாள்தான், ஐந்தும் வெள்ளையாக நின்றன. அவள் காற்சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்தாள்.

"அப்ப பின்னேரம் நில்லு," என்றாள். "ஏத்திக்கொண்டு போறன்."